19 வயதுக்கும் 49 வயதுக்கும் ஒரே 30 மில்லிகிராமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, வடபழனியில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்விட்டு அக்கா பையனோடு வேளச்சேரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காரை ஓட்டியது அவன். வயது 19, லைசென்ஸ் வாங்கி நாலு மாதம் ஆகிறது. கிண்டி தாண்டியதும் பேரிகேடு வைத்து வண்டிகளை ஓரங்கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களையும் நிறுத்தினார்கள். காவலர், குடித்திருக்கிறானா என்று காட்டும் கருவியை நீட்டி, "ஊதுப்பா" என்றார். ஊதினான். பூஜ்யம். "சரி, கிளம்பு."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்: "மாமா, நீங்க ஓட்டியிருந்தா உங்களுக்கும் இதே அளவுதானா?"

"ஆமாம்டா, எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"முப்பது வருஷமா ஓட்டற உங்களுக்கும் நாலு மாசமா ஓட்டற எனக்கும் ஒண்ணா?"

நல்ல கேள்வி. வீடு வந்து சேரும்வரை பேசியும் பதில் முடியவில்லை. பல நாடுகள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு சட்டத்தையே மாற்றியிருக்கின்றன. நாம் இன்னும் பெரிதாகப் பேச ஆரம்பிக்கவில்லை. அதனால் அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

அந்த 30 என்பது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 185ஆவது பிரிவின்படி, வண்டி ஓட்டுபவரின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். பைக், கார், லாரி, ஆட்டோ எதுவானாலும் இதே அளவு. ஓட்டுபவருக்கு 18 ஆனாலும் 80 ஆனாலும் இதே அளவு.

ரோட்டில் யாரும் ரத்தம் எடுப்பதில்லை, மூச்சைத்தான் அளக்கிறார்கள். குடித்தது இரைப்பையிலிருந்தும் சிறுகுடலிலிருந்தும் ரத்தத்தில் கலக்கிறது. அந்த ரத்தம் நுரையீரலுக்கு வரும்போது ஆல்கஹாலில் ஒரு துளிப் பங்கு ஆவியாகி மூச்சோடு வெளியே வருகிறது. ரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழ 2,100இல் ஒரு பங்கு மூச்சில் இருக்கும் என்று கணக்கு. கருவி மூச்சை அளந்து, அந்த விகிதத்தால் பெருக்கி, ரத்தத்தின் எண்ணைக் காட்டுகிறது. நீளமாக ஊதச் சொல்வது இதற்காகத்தான்: வாயில் நிற்கிற காற்று போதாது, நுரையீரலின் அடியிலிருந்து வர வேண்டும். பாக்கு, ஏலக்காய், மிட்டாய் எல்லாம் வாடையை மறைக்கலாம். நுரையீரலிலிருந்து வரும் ஆல்கஹாலை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, 30 மில்லிகிராம் என்றால் எவ்வளவு குடிப்பது? இங்கே நிறையப் பேருக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது. நம் ஊரில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். ஸ்வீடன்காரரான விட்மார்க் 1930களில் உருவாக்கிய ஒரு கணக்கு முறை உண்டு. அதை வைத்து 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்குப் போட்டுப் பார்த்தேன். 30 மில்லி ஸ்மால் ஒன்று குடித்தால் ஏறத்தாழ 20 வரும். 60 மில்லி லார்ஜ் 40ஐத் தாண்டும். கட்டிங், அதாவது 90 மில்லி, 60க்கு மேல். குவாட்டர், அதாவது 180 மில்லி, முழுசாக உள்ளே போனால் 125, 130 பக்கம் நிற்கும். 650 மில்லி பீர் பாட்டில், 5 சதவீதம் உள்ளது, 50ஐத் தாண்டும். ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் 80க்கு மேல்.

"ஒரு பீர்தானே", "கட்டிங்தானே" என்ற பேச்சு இந்தியச் சட்டத்தின் முன்னால் நிற்காது. ஒரே ஒரு பீரிலேயே கோட்டைத் தாண்டியாகிவிடுகிறது. 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு அதே கட்டிங் 100ஐ ஒட்டிப் போகும். உடம்பின் எடை குறைவு, அதில் நீரின் பங்கும் குறைவு, அதனால் அதே சரக்கு குறைந்த நீரில் கலக்கிறது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு "எனக்கு ஒரு ஸ்மால் வரைக்கும் பரவாயில்லை" என்று யாரும் கணக்குப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சாப்பிட்டோமா, எவ்வளவு வேகமாகக் குடித்தோம், கல்லீரல் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். குடித்த கையோடு 20 மில்லிகிராமில் இருக்கிறோமா 40இலா என்று உள்ளுக்குள் உணர எந்த மனிதராலும் முடியாது.

ஏறியது இறங்கும் வேகத்தையும் சொல்லிவிடுகிறேன், கடைசியில் தேவைப்படும். மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் இறங்கும். அது கல்லீரலின் வேகம். மோர், எலுமிச்சைச் சாறு, ஸ்ட்ராங் காபி, தலைக்குக் குளிப்பது, எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

உடம்பு வேறு, ஓட்டுநர் வேறு

வயதைப் பற்றிப் பேசும்போது இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன.

ஒன்று: குடித்தது எவ்வளவு ரத்தத்தில் ஏறுகிறது? இது உடம்பின் கேள்வி. வயது ஏற ஏற உடம்பில் நீரின் பங்கு குறைகிறது. அதனால் 65 வயதுக்காரரும் 25 வயதுக்காரரும் ஒரே எடையில் இருந்து ஒரே அளவு குடித்தாலும், பெரியவரின் எண் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ஆனால் சட்டம் எத்தனை பெக் என்று கேட்கவில்லை, ரத்தத்தில் எவ்வளவு என்றுதான் கேட்கிறது. எடை, வயது, ஆண், பெண் என்ற உடம்பின் வித்தியாசமெல்லாம் அந்த எண்ணுக்குள்ளேயே வந்துவிடுகிறது. "என் உடம்பு தாங்கும்" என்பவருக்கும் இதுவே பதில்: தாங்குகிற உடம்பாக இருந்தால் எண் குறைவாக வரும், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விதான் நமக்கு வேண்டியது. இரண்டு பேர் ரத்தத்திலும் ஒரே எண் இருக்கிறது. அப்போது இருவரும் ஒரே அளவு ஆபத்தானவர்களா?

இல்லை. 2000இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, வேறு வண்டி சம்பந்தப்படாமல் தானாகவே மோதி உயிர்ச்சேதம் ஆன விபத்துகளை எடுத்துக்கொண்டது. ரத்தத்தில் 80இலிருந்து 100 மில்லிகிராம் வரை இருக்கும்போது, 35 வயதைத் தாண்டிய ஓட்டுநருக்கு அத்தகைய விபத்தின் வாய்ப்பு, குடிக்காத அதே வயதுக்காரரைவிட ஏறத்தாழ 11 மடங்கு. 16இலிருந்து 20 வயதுக்குள் இருக்கும் பையன்களுக்கோ ஏறத்தாழ 52 மடங்கு. இந்த 52 மடங்கு என்பது, குடிக்காமல் ஓட்டும் அதே வயதுப் பையனோடு ஒப்பிட்டது. குடிக்காதபோதே அந்த வயதில் விபத்துக்கான வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான இடைவெளி இன்னும் பெரிது.

ஏன் இப்படி? என் வாழ்க்கையிலேயே ஒரு பதில் இருக்கிறது. எனக்கு 20 வயது. நண்பன் ஒருவன் புது பைக் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அவன் ஒரு பீர் குடித்திருந்தான், நான் குடிக்கவில்லை, பின்னால் உட்கார்ந்திருந்தேன். அடையாறிலிருந்து கிண்டி நோக்கி சர்தார் பட்டேல் சாலையில் வந்துகொண்டிருந்தோம். ஓரத்தில் மணல் கிடந்தது. முன்னால் போன பஸ் நிற்கப்போகிறது என்று எனக்கே தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்த நொடியில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். மணலில் சக்கரம் வழுக்கிவிட்டது. எனக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவன் இன்றைக்கும் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான்.

அந்த இரவை எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். போதையில் தள்ளாடியவன் இல்லை அவன். பேச்சு தெளிவாக இருந்தது, பாட்டுக்கூடப் பாடினான். மேலே சொன்ன கணக்குப்படி 50 சொச்சம் இருந்திருக்கும். அந்த அளவில் நாக்கு குழறாது. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விஷயங்களைக் கவனிக்கும் திறமை குறைந்துவிடும். பஸ்ஸின் பிரேக் லைட், ஓரத்து மணல், பின்னால் ஆள் இருக்கும் பாரம் ஆகிய மூன்றையும் ஒரு நொடியில் சேர்த்துப் பார்க்க வேண்டிய இடம் அது.

பல வருஷம் ஓட்டியவருக்கு இதில் பாதி வேலை யோசிக்காமலே நடந்துவிடும். கிளட்ச், பிரேக், கண்ணாடி பார்ப்பது எல்லாம் கை காலுக்குப் பழகியிருக்கும். மவுண்ட் ரோட்டில் பஸ் ஸ்டாப் வருகிறது என்றால், பஸ்ஸின் பின்னாலிருந்து யாராவது குறுக்கே ஓடி வருவார்கள் என்று கால் தானாகவே பிரேக் பக்கம் போகும். புதியவர் இதையெல்லாம் மூளையை முழுசாகக் கொடுத்துத்தான் செய்கிறார். ஆல்கஹால் முதலில் தொடுவது அந்த மூளையின் கவனத்தைத்தான். கைவசம் மிச்சமே இல்லாதவரிடமிருந்து அது எடுத்துக்கொள்கிறது.

இதோடு வயதும் சேருகிறது. அவசரத்தை அடக்கி, விளைவை யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி 25 வயதுவாக்கில்தான் முழுசாக முதிர்கிறது. அந்த வயதில் வண்டி எடுப்பது பெரும்பாலும் இரவில், நண்பர்களோடு. அப்புறம், நம் ஊரில் அந்த வண்டி கார் இல்லை, பைக். காரில் கவனம் அரை நொடி தப்பினால் பம்பர் நசுங்கலாம். இரண்டு சக்கரத்தில் சமநிலையே ஓட்டுநரின் உடம்பைப் பொறுத்தது. ஆல்கஹால் அந்தச் சமநிலையையும் தொடுகிறது. வெளிநாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் காரை வைத்துச் செய்தவை என்பதால், சென்னைக்கு அவற்றைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள்?

இவ்வளவு மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம் என்று எண்ணால் சட்டம் போட்ட முதல் நாடு நார்வே, 1936இல். அப்போது 50. இன்றைக்கு அங்கே 20. அங்கிருந்து உலகம் முழுக்க எண்கள் பரவின. 50 பொதுவான எண்ணாக ஆனது. உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் 50, இளையவர்களுக்கும் புதியவர்களுக்கும் 20 அல்லது அதற்கும் கீழே என்று பரிந்துரைக்கிறது.

அதைப் பிரிக்கிற விதத்தில்தான் நாடுகள் வேறுபடுகின்றன. சிலர் பிறந்த தேதியைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் மதுவுக்கான வயது 21. 21 வயதுக்குக் கீழே உள்ள ஓட்டுநர்களுக்கு 20 அல்லது அதற்கும் குறைவாக வைக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைப்போம் என்று 1995இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. 1998க்குள் எல்லா மாநிலங்களும் மாறிவிட்டன. பெரியவர்களுக்கு அங்கே 80, யூட்டா மாநிலத்தில் மட்டும் 50. நியூசிலாந்தில் 20 வயதுக்குக் கீழே பூஜ்யம்.

வேறு சிலர் லைசென்ஸின் தேதியைப் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் வண்டியில் 'எல்' (கற்பவர்) அல்லது 'பி' (தற்காலிக லைசென்ஸ்காரர்) அட்டை ஒட்டியிருந்தால் பூஜ்யம், மற்றவர்களுக்கு 50. பிரான்சில் புது லைசென்ஸ்காரர்களுக்கு 2015இலிருந்து 20. ஸ்பெயினில் புதியவர்களுக்கு 30.

ஜெர்மனியும் இத்தாலியும் இரண்டையும் பார்க்கின்றன. ஜெர்மனியில் 2007 ஆகஸ்டிலிருந்து, 21 வயது ஆகாதவருக்கும், லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடத் தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும் பூஜ்யம்.

எந்தப் பிரிவும் வைக்காத நாடுகளும் உண்டு. நம்மவர்கள் நிறைய இருக்கும் சிங்கப்பூரில் எல்லோருக்கும் 80. ஜப்பானில் எல்லோருக்கும் நம்மைப் போலவே 30.

ஸ்பெயின் எண்ணைக் கவனித்தீர்களா? அங்கே புதியவருக்கு வைத்திருக்கும் கடுமையான அளவுதான் இங்கே எல்லோருக்கும் பொது அளவு. இந்தியாவில் பெரியவர்களுக்கான கோடு ஏற்கெனவே தாழ்வாகத்தான் இருக்கிறது. அதனால் அமெரிக்காவின் வாதத்தை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. அங்கே 80க்கும் 20க்கும் நடுவில் இரண்டு லார்ஜுக்கும் ஒரு ஸ்மாலுக்கும் உள்ள தூரம். இங்கே 30க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் இருப்பது ஒன்றரை ஸ்மால்.

நம் சட்டத்தில் ஒரு ஓட்டை

அந்த ஒன்றரை ஸ்மாலுக்காக இவ்வளவு பேச வேண்டுமா? வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். காரணம் தமிழ்நாட்டின் வயதுக் கணக்கு.

கியர் வண்டி ஓட்டவும் கார் ஓட்டவும் லைசென்ஸ் 18 வயதில் கிடைக்கும். ஆனால் 21 வயது ஆகாதவருக்குத் தமிழ்நாட்டில் மது விற்கக் கூடாது. அக்கா பையனுக்கு 19. அவனுக்கு டாஸ்மாக் கவுன்டரில் அளவு பூஜ்யம். வெளியே வந்து வண்டியில் ஏறியதும் அளவு 30 ஆகிவிடுகிறது. ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் சொல்லும் பையனுக்கு, இவ்வளவு இருந்தால் ஓட்டலாம் என்று இன்னொரு சட்டம் இடம் கொடுக்கிறது. 18இலிருந்து 21 வரை உள்ள மூன்று வருடமும் இப்படித்தான். அந்த மூன்று வருடம்தான் புதிதாக ஓட்டக் கற்கும் வருடங்களும்.

இதற்குள் இன்னொரு சிக்கல். ஈ.சி.ஆரில் ஏறினால் ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கே மதுவுக்கான வயது 18. கேரளாவில் 23, கர்நாடகத்தில் 21. மது மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம், அதனால் ஊருக்கு ஊர் வயது மாறுகிறது. ரோட்டின் அளவு மட்டும் எங்கும் ஒன்று.

2024 மே மாதம் புனேயில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 17 வயதுப் பையன் போர்ஷே காரை ஓட்டி மோதியதில் இரண்டு இளம் இன்ஜினியர்கள் இறந்தார்கள். ஜாமீனுக்கு 300 வார்த்தைக் கட்டுரை எழுதச் சொன்னார்கள் என்று நாடே கொதித்தது. மகாராஷ்டிரத்தில் விஸ்கி, பிராந்தி வகை மதுவுக்கு 25 வயது, காருக்கு 18. அந்தப் பையனுக்கு இரண்டுமே ஆகவில்லை. இந்த மாதிரி வழக்குக்குச் சட்டத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது: 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவுப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 17க்கு ஒரு விடை உண்டு. 19க்கு இல்லை.

அப்படியானால் எப்படிப் பிரிப்பது?

முதலில் எதிர்ப்பைக் கேட்போம். "18 வயதில் ஓட்டுப் போடலாம், பெண்ணாக இருந்தால் கல்யாணம்கூடச் செய்துகொள்ளலாம் என்றால், ரோட்டில் மட்டும் ஏன் சின்னப் பிள்ளையாகப் பார்க்கிறீர்கள்?" இது நியாயமான கோபம். பிறந்த தேதியை மட்டும் வைத்துப் பிரித்தால் இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் லைசென்ஸ் தேதியை வைத்துப் பிரித்தால் கோபத்துக்கு இடமே இல்லை. 38 வயதில் முதல் கார் வாங்கி, இப்போதுதான் டிரைவிங் ஸ்கூல் முடித்திருக்கும் அம்மாவும் புதியவர்தான். கத்திப்பாரா மேம்பாலத்தில் எந்தப் பாதையில் பிரிய வேண்டும் என்று அவரும் மூளையை முழுசாகக் கொடுத்துத்தான் யோசிக்கிறார். அவருக்கும் அதே விதி என்றால், இது வயதை அவமதிப்பதாக ஆகாது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் வாங்கிய முதல் மூன்று வருடம் எந்த வயதுக்காரருக்கும் பூஜ்யம். மதுவுக்கான வயது வராதவருக்கு, லைசென்ஸ் எவ்வளவு பழசானாலும் பூஜ்யம். மற்றவர்களுக்கு இப்போதுள்ள 30.

பூஜ்யம் என்று சொன்னாலும் கருவியில் 10 வரை விட்டுவிட வேண்டியிருக்கும். காரணம் குடிப்பழக்கம் இல்லாதவர்களைக் காப்பாற்றுவது. தசமூலாரிஷ்டம், திராட்சாசவம் மாதிரி அரிஷ்ட, ஆசவ மருந்துகளில் புளிக்க வைப்பதால் உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. சில மவுத்வாஷிலும் உண்டு. வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹால் கால் மணி நேரத்தில் போய்விடும். அதனால் சந்தேகம் வந்தால் கொஞ்சம் காத்திருந்து மறுபடி ஊதச் சொல்வதே சரியான முறை.

அந்த 30க்கும் பூஜ்யத்துக்கும் உள்ள சின்ன இடைவெளியால் என்ன லாபம்? மில்லிகிராமில் லாபம் சின்னது என்பதை ஒத்துக்கொள்கிறேன். லாபம் மனதில் நடக்கும் கணக்கில் இருக்கிறது. 30 என்றால், "இன்னும் கொஞ்சம் குடித்தாலும் தாண்டாது" என்று பேரம் பேச இடம் இருக்கிறது. அந்தப் பேரத்தை, ஏற்கெனவே ஒரு வாய் குடித்துவிட்ட மூளை பேசுகிறது. பூஜ்யத்தில் பேரம் இல்லை. சாவி கையில் இருந்தால் கிளாஸைத் தொடக் கூடாது, அவ்வளவே. நண்பர்கள் வற்புறுத்தும்போது, "எனக்குச் சட்டமே பூஜ்யம்டா" என்று சொல்ல ஒரு 19 வயதுப் பையனுக்கு அது ஒரு கைப்பிடி.

பெரியவர்கள் பக்கம்? 60ஐத் தாண்டியவர்களுக்கும் அளவைக் குறைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அனிச்சையாகக் கை கால் அசையும் வேகம் குறைகிறது, இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்பதெல்லாம் உண்மை. ஆனால் அனுபவம் இருக்கிறது, பெரும்பாலோர் இரவில் வண்டி எடுப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் எனக்குக் கவலை மாத்திரைதான். தூக்க மாத்திரையோ சில சர்க்கரை மாத்திரைகளோ போட்டுக்கொள்பவர், 30க்குக் கீழே இருந்தாலும் ஓட்டும் நிலையில் இல்லாமல் போகலாம். போதை தரும் மருந்தின் பாதிப்பில் கட்டுப்பாடில்லாமல் ஓட்டினால் அதையும் 185ஆவது பிரிவே குற்றம் என்கிறது. தனி எண் இதற்குத் தீர்வாகாது. டாக்டரும் மருந்துக் கடைக்காரரும் "இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீங்க ஐயா" என்று வாய் திறந்து சொன்னாலே பாதி வேலை முடியும்.

எண் இருந்தால் போதுமா?

2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ. மறுபடி என்றால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, 15,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ. ஸ்பாட்டில் ஃபைன் கட்டிவிட்டுப் போகிற விஷயம் இல்லை, கோர்ட்டுக்குப் போக வேண்டும். குடித்தவர் ஓட்டும் வண்டியில் கூட வருபவருக்கும் அபராதம் உண்டு என்று 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. எனக்கு 20 வயதில் அப்படி ஒரு விதி இருந்து, அது எனக்குத் தெரிந்தும் இருந்தால், அன்றைக்கு பஸ் ஏறியிருப்பேன்.

தண்டனை போதாது என்று நான் சொல்லவில்லை. பிடிபடுவோம் என்ற நிச்சயம்தான் போதவில்லை. புத்தாண்டு இரவில் காமராஜர் சாலையை அடைத்து, மேம்பாலங்களை மூடி, மூலைக்கு மூலை ஊதச் சொல்லும்போது ஊரே அடக்கமாக இருக்கிறது. பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவில் அந்தப் பயம் இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த ஓட்டுநரையும் எந்த நாளிலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்று கொண்டுவந்தது. சாலை மரணங்கள் சட்டென்று குறைந்தன. புதியவர்களுக்குத் தனி அளவு வைக்க வேண்டும் என்று சொல்லும்போது, இந்தச் சோதனையையும் சேர்த்தே கேட்கிறேன். லைசென்ஸ் தேதியைப் பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது, போனிலும் காட்டலாம்.

மாற்றுவது யார் கையில்? மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலில் வருகின்றன. நாடாளுமன்றம் 185ஆவது பிரிவைத் திருத்தலாம். அது நடக்காவிட்டால், தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கி, இங்கே மட்டும் கொண்டுவரலாம்.

இதையெல்லாம் எழுதிவிட்டு அக்கா பையனிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்ததும் போனில் கால்குலேட்டரை எடுத்தான். அவனுடைய நண்பர்கள் அடுத்த வாரம் பாண்டிச்சேரி போகிறார்களாம், மறுநாள் விடியற்காலையில் திரும்புவதாகத் திட்டமாம்.

"மாமா, பத்து மணிக்கு ஒருத்தன் ஒரு குவாட்டர் அடிச்சா 128ன்னு வச்சுக்கறேன். மணிக்கு 15 கழிச்சா, 30க்கு வர நாலரை ஆகுது. பூஜ்யத்துக்கு வர ஆறரை."

"ஆமாம்."

"அப்போ உங்க சட்டத்துக்கும் இப்ப இருக்கற சட்டத்துக்கும் வித்தியாசம் ரெண்டு மணி நேரம்."

நாலரையிலிருந்து ஆறரை. கோவளத்திலும் கல்பாக்கம் பக்கத்துக் குப்பங்களிலும் படகு கரைக்கு வந்து, மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஈ.சி.ஆரைக் குறுக்கே கடக்கும் நேரம் அது. வெளிச்சம் இன்னும் முழுசாக வந்திருக்காது.